வீட்டுக்கு எந்த ஹார்ட் டிஸ்க்? பழுது விகிதப் பட்டியலைப் படிக்கும் முறை

சீகேட் வாங்கலாமா, வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கலாமா என்று கேட்டால் கடைக்காரர் ஒன்று சொல்வார், அலுவலக நண்பர் அதற்கு நேர்மாறாகச் சொல்வார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆளுக்கு நான்கைந்து வட்டுகளைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க் தயாரிப்பில் இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை மூன்றே நிறுவனங்கள்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவு 2011-இல் சீகேட்டிடம் போனது. ஹிட்டாச்சியின் பிரிவு 2012-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலிடம் போனது. எல்லாருக்கும் பெயர் வாங்கித் தந்த மாடலும் உண்டு, பெயரைக் கெடுத்த மாடலும் உண்டு. அதனால் பிராண்டைக் கேட்பதைவிட மாடலைக் கேட்பது மேல். மாடலைவிடவும் முக்கியம், அந்த வட்டு எந்த வகை, வீட்டில் அது என்ன பாடு படப்போகிறது, அதிலிருப்பதற்கு இன்னொரு பிரதி உண்டா என்பவை.

பெட்டியில் போட்டிருக்கும் லட்சக்கணக்கான மணி நேரம்

தயாரிப்பாளர் தரும் எண்ணிலிருந்து தொடங்குவோம். விவரத்தாளில் எம்டிபிஎஃப் (பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம்) என்று ஒரு வரி இருக்கும்: 10 லட்சம் மணி நேரம், சர்வர் வட்டென்றால் 25 லட்சம் மணி நேரம். ஆண்டுக்கு 8,760 மணி என்று வகுத்தால் 10 லட்சம் மணி என்பது 114 ஆண்டு. எந்த வட்டும் அத்தனை காலம் ஓடாது. அந்த எண் அப்படிச் சொல்லவும் இல்லை. உத்தரவாதக் காலத்துக்குள், சொன்ன வெப்பத்தில், சொன்ன வேலைப்பளுவில் ஒரு பெரிய கூட்டம் வட்டுகளை ஓட்டினால் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் போகும் என்பதைத்தான் அது திருப்பிப் போட்டுச் சொல்கிறது. 8,760-ஐ 10 லட்சத்தால் வகுத்தால் 0.88 சதவீதம், 25 லட்சத்தால் வகுத்தால் 0.35 சதவீதம்.

நடைமுறையில் இது கூடுதலாகவே வருகிறது. 2007-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் ஒரு லட்சம் வட்டுகளின் மாற்றுப் பதிவுகளைப் பார்த்தார்கள். விவரத்தாளின்படி 0.88 சதவீதத்துக்குள் இருக்க வேண்டியவை ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் வரை மாற்றப்படுவது சகஜமாக இருந்தது. சில இடங்களில் 13 சதவீதம். எம்டிபிஎஃப்பை வைத்து இரண்டு வட்டுகளை ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை.

பேக்பிளேஸ் பட்டியல்

வெளியார் எடுத்த கணக்குகளில் இன்று எல்லாரும் மேற்கோள் காட்டுவது அமெரிக்க பேக்கப் நிறுவனமான பேக்பிளேஸ் வெளியிடும் காலாண்டு அறிக்கை. 2013 ஏப்ரல் முதல் தன் வட்டுகள் ஒவ்வொன்றின் அன்றாடப் பதிவையும் அது இலவசமாகத் தருகிறது. கணக்கு எளிது. ஒரு மாடலின் எல்லா வட்டுகளும் ஓடிய நாட்களைக் கூட்டி 365-ஆல் வகுத்தால் வட்டு-ஆண்டுகள் கிடைக்கும். அந்தக் காலத்தில் போன வட்டுகளின் எண்ணிக்கையை அதனால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஆண்டுப் பழுது விகிதம். மொத்தக் கூட்டத்துக்கு இது 2019-இல் 1.89 சதவீதம், 2020-இல் 0.93, 2021-இல் 1.01, 2022-இல் 1.37, 2023-இல் 1.40, 2024-இல் 1.57. ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் கூட்டத்தின் வயதைப் பொறுத்தது: கிழட்டு வட்டுகளைக் கழித்துவிட்டுப் புதியவற்றைச் சேர்க்கும் ஆண்டில் விகிதம் இறங்கும்.

இந்த அட்டவணையில் வழக்கமாக நடக்கும் தப்பு, எண்ணிக்கையைப் பார்க்காமல் சதவீதத்தை மட்டும் பார்ப்பது. ஒரு மாடலில் 60 வட்டுகள், ஒரு காலாண்டில் ஒன்று போனது என்று வையுங்கள். 60 வட்டு, 91 நாள்: 5,460 வட்டு-நாள், அதாவது 15 வட்டு-ஆண்டு. ஒன்றை 15-ஆல் வகுத்தால் 6.7 சதவீதம் என்று அட்டவணையில் சிவப்பாகத் தெரியும். ஆனால் அந்த ஒரே ஒரு பழுதை வைத்துப் புள்ளியியல் முறைப்படி சொல்லக்கூடியது, உண்மை விகிதம் 0.2 சதவீதத்துக்கும் 37 சதவீதத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதுதான். அது ஒன்றுமே சொல்லாததற்குச் சமம். பூஜ்யம் பழுது என்று வரும் மாடலும் அப்படியே: 15 வட்டு-ஆண்டில் ஒன்றும் போகவில்லை என்றால், உண்மை விகிதம் 20 சதவீதமாக இருக்கவும் இடமுண்டு. மாறாக, 12,000 வட்டுகள் ஓராண்டு ஓடி 120 போயிருந்தால் விகிதம் 1 சதவீதம், உண்மை 0.83-க்கும் 1.2-க்கும் இடையில் அடங்கிவிடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டிய பத்தி வட்டு-நாட்கள். காலாண்டு அட்டவணையைத் தாண்டி, அதே அறிக்கையில் இருக்கும் ஆயுட்கால அட்டவணைக்குப் போவது நல்லது.

அப்படிப் பெரிய எண்ணிக்கையில் பார்க்கும்போது பிராண்டு என்ற கோடு கலைந்துபோகிறது. சீகேட்டின் 3 டெராபைட் பாராகுடா, எஸ்டி3000டிஎம்001, இந்தத் துறையின் மிகப் பிரபலமான கெட்ட பெயர். 2012 முதல் பேக்பிளேஸ் 4,829 வட்டுகளைப் பூட்டியது. 2012-இல் பூட்டியவற்றில் 2015 மார்ச் இறுதியில் ஓடிக்கொண்டிருந்தவை 10 சதவீதம். 2016-இல் அமெரிக்காவில் கூட்டு வழக்கும் வந்தது. அதே சீகேட்டின் 6 டெராபைட் எஸ்டி6000டிஎக்ஸ்000 அதே நிறுவனத்தின் அடுக்குகளில் ஓடியது: 2021-இல் சராசரியாக 80 மாத வயதில் அதன் ஆண்டுப் பழுது விகிதம் 0.11 சதவீதம், அந்த ஆண்டு அட்டவணையிலேயே மிகக் குறைவு. (இதிலும் எண்ணிக்கை சுமார் 900 வட்டுதான், மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும் உண்டு.) 14 டெராபைட்டிலும் சீகேட்டுக்குள்ளேயே எஸ்டி14000என்எம்001ஜி ஒழுங்காக ஓட, எஸ்டி14000என்எம்0138 அதைப் போலப் பல மடங்கு பழுதானது. மாடல் எண்ணின் கடைசி நாலு எழுத்தில் இவ்வளவு இருக்கிறது. ஹிட்டாச்சி வழியில் வந்த, இன்று வெஸ்டர்ன் டிஜிட்டல் அல்ட்ராஸ்டார் என்ற பெயரில் விற்கும் சர்வர் வட்டுகள் பல ஆண்டுகளாகக் குறைந்த விகிதம் காட்டுவது உண்மை. பிராண்டைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிவது ஏறக்குறைய அது ஒன்றுதான்.

3 டெராபைட் கதையில் ஒரு பின்னணியும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011-இல் தாய்லாந்து வெள்ளம் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகளை மூழ்கடித்ததால் விலை ஏறிப்போய், பேக்பிளேஸ் சில்லறைக் கடைகளில் வெளிப்புற யூஎஸ்பி வட்டுகளை வாங்கி, ஓட்டை உடைத்து, உள்ளே இருந்ததைச் சர்வரில் பூட்டியது. மேசைக்கணினிக்குச் செய்த வட்டை, டஜன் கணக்கில் வட்டுகள் அதிரும் பெட்டிக்குள் நாள் முழுக்க ஓட்டினார்கள். அந்த மாடலின் பலவீனம் நிஜம். ஆனால் வீட்டில் தனியாக ஓடியிருந்தால் அதே வேகத்தில் போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டுக்குப் பொருந்தாத இடங்கள்

தரவு மையத்து வட்டு நிற்காமல் ஓடும், குளிரூட்டிய காற்றில் இருக்கும், மின்வெட்டே அறியாது, யாரும் கீழே போட மாட்டார்கள். வீட்டு வட்டு தினம் பலமுறை நின்று கிளம்பும், மே மாத மதியத்தில் 38 டிகிரி அறையில் டிவிக்குப் பின்னால் கிடக்கும், பையில் ஊர் சுற்றும். அதைவிட முக்கியம், பட்டியலில் இப்போது இருப்பவை பெரும்பாலும் சர்வர் ரகம். கடையில் அதிகம் விற்கும் 2.5 அங்குல கைவட்டுகளுக்கு அதில் வரியே இல்லை எனலாம். அவற்றுக்குக் கிடைக்கும் ஒரே எண் இணையக் கடை நட்சத்திரங்கள். கூரியரில் அடிபட்டு வந்ததும், டிவி யூஎஸ்பி துளையில் மின்சாரம் போதாமல் ஓடாததும் அதில் 'பழுது' என்றே பதிவாகும்.

இனி ஒரு கணக்கு. ஆண்டுக்கு 1.5 சதவீதம் பழுதாகும் ஒரே ஒரு வட்டில் குடும்பப் படங்கள் எல்லாம் இருந்தால், ஐந்தாண்டில் அது போவதற்கான வாய்ப்பு 7.3 சதவீதம். தேடித் தேடி அதில் பாதி விகிதமுள்ள மாடலை வாங்கினால் 3.7 சதவீதமாகக் குறையும். நல்லதுதான், ஆனால் 27 வீட்டில் ஒரு வீடு படங்களை இழக்கும் கணக்கு அது. இதற்குப் பதிலாக 1.5 சதவீத மாடலையே இரண்டு வாங்கித் தனித்தனியாக வைத்தால், ஒரே ஆண்டில் இரண்டும் போகும் வாய்ப்பு 0.0225 சதவீதம், சுமார் நாலாயிரத்தில் ஒன்று; ஐந்தாண்டுக்கும் சேர்த்தாலும் 0.11 சதவீதம்தான். முதலாவது போனவுடன் கவனித்து மாற்றினால் இன்னும் குறையும். நல்ல மாடலைத் தேடுவதில் செலவிடும் நேரத்தையும் பணத்தையும் இரண்டாவது வட்டுக்குத் திருப்பினால் கிடைப்பது அதிகம் என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

இதில் ஒரு நிபந்தனை: இரண்டும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். ஒரே பெட்டிக்குள் ரெய்டு 1 (ஒரே தரவை இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும் முறை) போட்டு வைத்த இரண்டு வட்டுகள் ஒரே மின்வழங்கி, ஒரே இடி, ஒரே திருட்டு, ஒரே ரான்சம்வேர் எல்லாவற்றுக்கும் சேர்ந்தே பலியாகும். நீங்கள் தவறி அழிக்கும் கோப்பு இரண்டிலும் அதே நொடியில் அழியும். ஒரு வட்டு கணினியில் மாட்டியே இருக்கட்டும், இன்னொன்றை மாதம் ஒருமுறை மாட்டிப் பிரதி எடுத்துக் கழற்றி வேறு அறையில், முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள். ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே மாடல் இரண்டு வாங்கினால் ஒரே தொகுப்பின் குறை இரண்டிலும் வரலாம். இரண்டு தயாரிப்பாளர்களிடம் ஒவ்வொன்று வாங்குவது இந்த ஓட்டையையும் அடைக்கும்.

விவரத்தாளில் பார்க்க வேண்டியவை

முதலில் பார்க்க வேண்டியது சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா என்பது, அதாவது தகட்டில் தடங்களை எழுதும் இரண்டு முறைகளில் எது என்பது. எழுதும் முனை படிக்கும் முனையைவிட அகலமானது. சிஎம்ஆர் வட்டில் தடங்கள் எழுதும் அகலத்துக்கு இடம் விட்டு இருக்கும். எஸ்எம்ஆரில் நாட்டு ஓட்டுக்கூரை மாதிரி ஒரு தடத்தின் ஓரத்தின்மேல் அடுத்த தடம் ஏறிப் படுத்திருக்கும். அதே தகட்டில் கூடுதல் இடம் கிடைக்கும். ஆனால் நடுவில் ஒரு தடத்தைத் திருத்தினால் அதற்குப் பிறகுள்ளவை அழியும் என்பதால், அந்தக் கட்டு முழுவதையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும். இதை மறைக்க வட்டு முதலில் ஒரு தற்காலிகப் பகுதியில் எழுதிவிட்டு, ஓய்வு நேரத்தில் அடுக்கி வைக்கிறது. அந்தப் பகுதி நிரம்பும்வரை வேகம் நன்றாக இருக்கும். நூற்றுக்கணக்கான ஜிபியை ஒரேயடியாகக் கொட்டும்போது நொடிக்குச் சில பத்து எம்பியாக விழும். படத்தொகுப்பை ஒருமுறை எழுதி வைத்துவிட்டுப் படிப்பதற்கு எஸ்எம்ஆர் தாராளமாகப் போதும். நாஸ் பெட்டியில் (வீட்டு வலையமைப்பில் எல்லாரும் பகிரும், பல வட்டுகள் கொண்ட சேமிப்புப் பெட்டி), குறிப்பாக இசட்எஃப்எஸ் போன்ற கோப்பமைப்பில், கூடவே கூடாது.

2020 ஏப்ரலில் வெளியே வந்த விவகாரம் இதற்குச் சாட்சி. நாஸுக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையுள்ள புதிய மாடல்கள் சொல்லாமல் கொள்ளாமல் எஸ்எம்ஆருக்கு மாற்றப்பட்டிருந்தன. மாடல் எண் இஎஃப்ஆர்எக்ஸ் என்று முடிந்தால் பழைய சிஎம்ஆர், இஎஃப்ஏஎக்ஸ் என்று முடியும் 6 டெராபைட் வரையுள்ளவை எஸ்எம்ஆர். ஒரு சோதனையில், சிஎம்ஆர் வட்டு ஒரு நாளுக்குள் முடித்த மறுகட்டமைப்பை (போன வட்டின் தரவைப் புதிதாக மாட்டிய வட்டில் திரும்ப நிரப்புவதை) இந்த 4 டெராபைட் வட்டு முடிக்க ஒன்பது நாளுக்கு மேல் ஆனது. எதிர்ப்புக்குப் பிறகு சிஎம்ஆர் வட்டுகளுக்கு 'ரெட் பிளஸ்' என்று தனிப் பெயர் வைத்தார்கள். மூன்று நிறுவனங்களும் எந்த மாடல் எந்த வகை என்ற பட்டியலை இப்போது தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. வாங்குமுன் முழு மாடல் எண்ணையும் அங்கே தேடிப் பாருங்கள். 1 டெராபைட்டும் அதற்கு மேலும் உள்ள கைவட்டுகள் அநேகமாக எல்லாமே எஸ்எம்ஆர்.

அடுத்தது பிழை வந்தால் வட்டு எவ்வளவு நேரம் முயற்சி செய்யும் என்பது. மேசைக்கணினி வட்டு ஒரு செக்டரை (தடத்தின் ஒரு சிறு துண்டை) படிக்க முடியாவிட்டால் ஒரு நிமிடம், சில சமயம் அதற்கு மேலும், திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். தனி வட்டுக்கு அது நல்ல குணம். ரெய்டில் அது கெடுதல்: லினக்ஸ் இயல்பாகக் காத்திருப்பது 30 நொடி, அதற்குள் பதில் வராவிட்டால் வட்டே போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு தொகுப்பிலிருந்து தள்ளிவிடும். நாஸ் ரக வட்டுகள் 7 நொடியில் கைவிட்டு 'படிக்க முடியவில்லை' என்று சொல்லிவிடும். மற்ற வட்டிலிருந்து ரெய்டு அதைச் சரிசெய்துகொள்ளும். நாஸ் வட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இதற்கும் அதிர்வைத் தாங்கும் வடிவமைப்புக்கும்தான். தனி வட்டாக வைக்கப்போகிறவர் அதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

உத்தரவாத ஆண்டு: வெஸ்டர்ன் டிஜிட்டல் புளூ, சீகேட் பாராகுடா, தோஷிபா பி300 வகைகளுக்கு 2, ரெட் பிளஸ், அயர்ன்வுல்ஃப், என்300-க்கு 3, ரெட் புரோ, அயர்ன்வுல்ஃப் புரோ, எக்ஸோஸுக்கு 5. தயாரிப்பாளரே தன் வட்டின் மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார் என்பதற்கு எம்டிபிஎஃப்பைவிட இது நேர்மையான எண், ஏனென்றால் இதில் அவர் பணம் இருக்கிறது. ஆண்டு வேலைப்பளு வரம்பும் (ஓராண்டில் எழுதிப் படிக்கும் மொத்த அளவு) இதே வரிசையில் ஏறும்: மேசை ரகத்துக்கு 55 டெராபைட், நாஸ் ரகத்துக்கு 180, சர்வர் ரகத்துக்கு 550. வீட்டில் 55-ஐத் தாண்டுபவர் மிகக் குறைவு.

'10 அடுக்கு 14 பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை' என்ற வரி பலரைப் பயமுறுத்துகிறது. அது 12.5 டெராபைட். அவ்வளவு படித்தால் கட்டாயம் ஒரு பிழை வரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதற்கு மேல் போகாது என்ற உச்ச வரம்பு அது. நல்ல வட்டு அதைப் போலப் பல மடங்கு பிழையில்லாமல் படிக்கும்.

எஸ்எஸ்டியைப் பற்றி ஒரே வரி: கணினிக்குள் தினம் ஓடுவதற்கு அதுவே சரி, ஆனால் அலமாரியில் மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் வைக்கும் பிரதிக்கு ஹார்ட் டிஸ்க்தான். எழுத்தாயுள் தீர்ந்த வீட்டு ரக எஸ்எஸ்டி 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே சில்லுத் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை.

வெப்பம், மின்சாரம், கைதவறல்

வெப்பம்தான் வட்டைக் கொல்கிறது என்ற நம்பிக்கையை 2007-இல் கூகுள் வெளியிட்ட ஆய்வு கொஞ்சம் ஆட்டியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளில், மிதமான வெப்ப எல்லைக்குள் வெப்பத்துக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த தொடர்பு இல்லை. மிகவும் சூடான வட்டுகளிலும் மூன்று வயதைத் தாண்டியவற்றிலுமே பாதிப்பு தெரிந்தது. நம்மூர் வெயிலில் இந்தக் கடைசிப் பகுதிதான் நமக்கு. அறை 38 டிகிரி இருந்தால் விசிறியில்லாத பிளாஸ்டிக் உறைக்குள் 3.5 அங்குல வட்டு 50-ஐச் சுலபமாகத் தாண்டும். பெரும்பாலான வட்டுகளுக்கு எல்லை 60. 45-க்குக் கீழே வைக்க ஒரு 120 மிமீ விசிறியைக் குறைந்த வேகத்தில் காட்டினால் போதும்.

மின்வெட்டில் வட்டு தன் சுழற்சியின் மிச்ச ஆற்றலைக்கொண்டே முனையை ஓரத்துக்கு இழுத்துக்கொள்ளும். அதனால் ஒரு மின்வெட்டுக்குத் தகடு கீறிவிடாது. அரைகுறையாக எழுதிய கோப்பமைப்புதான் உடனடி நட்டம். உண்மையான கொலைகாரர் அடாப்டர். 3.5 அங்குல வெளிப்புற வட்டு கிளம்பும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். தொலைந்த அடாப்டருக்குப் பதில் ரவுட்டரின் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரை மாட்டினால் சுற்றத் தொடங்கும், நிற்கும், 'டிக்' என்னும், திரும்பச் சுற்றும். வட்டே போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அதைவிட மோசம், முனை பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை மாட்டுவது: பாதுகாப்பு டையோடு கருகும், அதிர்ஷ்டம் இல்லையென்றால் பலகையும். எல்லா அடாப்டரிலும் எந்த வட்டுக்கானது என்று சீட்டு ஒட்டி வையுங்கள். கைவட்டுக்கும் இதே சிக்கல் சிறிய அளவில் உண்டு: யூஎஸ்பி 2.0 துளை தரும் 500 மில்லி ஆம்பியர் பல 2.5 அங்குல வட்டுகள் கிளம்பப் போதாது.

கைவட்டை வாங்குமுன் இன்னொன்றையும் கவனியுங்கள். பல கைவட்டுகளில், குறிப்பாக வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வகையில், யூஎஸ்பி துளை வட்டின் பலகையிலேயே பற்றவைத்திருக்கும்; உள்ளே வழக்கமான சாட்டா இணைப்பு (வட்டைக் கணினியோடு நேரே சேர்க்கும் முனை) கிடையாது. துளை ஆடிப்போனால் வட்டைக் கழற்றி வேறு உறையில் போட்டுத் தப்பிக்க வழியில்லை. ஒரே இடத்தில் இருக்கப்போகிற பிரதிக்கு, சாதாரண 3.5 அங்குல வட்டையும் தனி உறையையும் வாங்குவது இந்த வகையில் உத்தமம்.

புதிதுதானா என்று பார்ப்பது

2021-இல் சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காகப் பெரிய வட்டுகளை வாங்கிக் குவித்தார்கள். பிற்பாடு அவை சந்தைக்குத் திரும்பின. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைஸ் இதழ், பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் எக்ஸோஸ் வட்டுகள் புதியவையாக விற்கப்படுவதை வெளிக்கொண்டுவந்தது. அவற்றில் ஸ்மார்ட் பதிவின் (வட்டு தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு) ஓடிய நேரம் பூஜ்யமாக்கப்பட்டிருந்தது. சீகேட் தனியாக வைத்திருக்கும் ஃபார்ம் பதிவு மட்டும் உண்மையைச் சொன்னது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 பதிப்பு முதல் அந்த ஃபார்ம் பதிவைப் படிக்க முடியும். இரண்டிலும் ஓடிய நேரம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது சீகேட் வாங்குவோர் தவறவிடக் கூடாத வேலை.

பில் இல்லாமல் 'டிரே' வட்டாக (சில்லறைப் பெட்டியில்லாமல்) மலிவாகக் கிடைப்பதில் உத்தரவாதம் இருக்காது என்பதையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். பணம் கொடுக்குமுன் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தின் உத்தரவாதப் பக்கத்தில் போட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்: உங்கள் நாட்டுக்குச் செல்லுமா, எப்போது முடிகிறது, அல்லது கணினி நிறுவனத்துக்கு மொத்தமாகப் போன வட்டா.

வீட்டுக்கு வந்ததும் எதையும் எழுதுமுன் ஒரு சோதனை. ஸ்மார்ட் பதிவைச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு முழு வட்டையும் ஒருமுறை எழுதி, ஒருமுறை படியுங்கள். விண்டோஸில் 'குயிக்' தேர்வை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் போட்டாலே எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதும், லினக்ஸில் பேட்பிளாக்ஸ் என்ற கட்டளை. 8 டெராபைட் வட்டுக்குச் சராசரி நொடிக்கு 160 எம்பி என்றால் ஒரு சுற்றுக்கு 14 மணி நேரம், எழுதவும் படிக்கவும் சேர்த்து 28. பேட்பிளாக்ஸின் எழுத்துச் சோதனை இயல்பாக நாலு வடிவங்களை எழுதிப் படிக்கும், நாலரை நாள் இழுக்கும். வீட்டுக்கு ஒரு வடிவம் போதும். அதில் பிளாக் அளவை 4096 என்று கொடுக்காவிட்டால் பெரிய வட்டில் ஓடாமல் நின்றுவிடும். 16 டெராபைட்டுக்கு மேல் 8192. முடிந்ததும் ஸ்மார்ட்டின் நீண்ட சோதனை. பிறகு பதிவை முன்னதோடு ஒப்பிடுங்கள். 5, 197, 198 ஆகிய எண்ணுள்ள வரிகள் (அவை என்னவென்று அடுத்த பகுதியில்) மூன்றில் எதிலாவது ஒன்று ஏறியிருந்தாலும் மாற்றிக் கேளுங்கள். கடையில் ஏழு நாள், பத்து நாள் என்று மாற்றுக் கெடு இருப்பதால், இந்தச் சோதனையை முதல் வாரத்திலேயே முடிப்பது புத்திசாலித்தனம்.

ஸ்மார்ட் எண்களில் பயப்பட வேண்டியவை

பட்டியலில் முப்பது வரி இருக்கும். கவனிக்க வேண்டியவை ஐந்து. 5 (மாற்றி ஒதுக்கிய செக்டர்கள்), 187 (சரிசெய்ய முடியாத பிழைகள்), 188 (கட்டளைக்குப் பதில் வராதது), 197 (முடிவெடுக்கக் காத்திருக்கும் செக்டர்கள்), 198 (சோதனையில் படிக்க முடியாதவை). பழுதான வட்டுகளில் 76.7 சதவீதத்தில் இவற்றில் ஒன்றாவது பூஜ்யத்தைத் தாண்டியிருந்தது, நல்ல வட்டுகளில் 4.2 சதவீதத்தில் மட்டுமே, என்று 2016-இல் பேக்பிளேஸ் எழுதியது. மறுபக்கத்தையும் படியுங்கள்: நாலில் ஒரு வட்டு எந்த அறிகுறியும் காட்டாமல் போனது. கூகுள் ஆய்விலும் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நாலு அறிகுறிகளில் ஒன்றுகூடக் காட்டாமலே போயின. பச்சை விளக்கு எரிகிறது என்று பேக்கப்பைத் தள்ளிப் போட முடியாது.

199 ஏறினால் வட்டைக் குறை சொல்லாதீர்கள், அது கேபிள். கேபிளை மாற்றுங்கள், எண் அதோடு நின்றால் சரி. சீகேட்டில் 1, 7 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண் தெரியும். அது மொத்தச் செயல்களின் எண்ணிக்கையும் பிழையும் ஒரே எண்ணுக்குள் அடைத்தது, அதை விட்டுவிடலாம். 188-இல் 4295032833 என்று வந்தால் நாநூறு கோடிப் பிழை என்று மலைக்க வேண்டாம்: அது மூன்று சிறு எண்களை ஒட்டிவைத்தது, பிரித்தால் 1, 1, 1. ஸ்மார்ட்டைக் காட்டும் விண்டோஸ் மென்பொருளான கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இயல்பாகப் பதினாறடி (ஹெக்ஸாடெசிமல்) எண்முறையில் காட்டும் என்பதால் அதில் 10 என்று தெரிவது 16.

197 ஒன்றிரண்டு காட்டி, அந்த இடத்தில் எழுதியதும் பூஜ்யத்துக்குத் திரும்பினால், மின்வெட்டில் பாதி எழுதிய செக்டராக இருக்கலாம், வட்டை வைத்துக்கொள்ளலாம். 5 ஏறி ஒரே எண்ணில் மாதக்கணக்கில் நின்றால் இரண்டாம் பிரதிக்கு இறக்கிவிடலாம். வாரத்துக்கு வாரம் ஏறினால் முடிந்தது.

அப்படி முடியும் கட்டத்தில் பலர் முதலில் செய்வது விண்டோஸின் செக் டிஸ்க் (சிஎச்கேடிஎஸ்கே) ஓட்டுவது. அது கோப்பமைப்பைச் சரிசெய்யும் கருவி. சாகும் வட்டின்மேல் எழுதிக்கொண்டே இருக்கும், மிச்சமிருந்த கோப்புப் பட்டியலையும் கலைத்துவிடும். வட்டை எதுவும் எழுதாமல் லினக்ஸில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் மூலம் சம அளவோ பெரியதோ ஆன இன்னொரு வட்டுக்கு அப்படியே பிரதி எடுங்கள். வரைபடக் கோப்பின் பெயரை மறக்காமல் கொடுங்கள். அது இருந்தால்தான் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் சுற்றில் எளிதாகப் படிபடுபவற்றை மட்டும் எடுக்கச் சொல்லி, பிறகுதான் கெட்ட பகுதிகளைத் துருவவிட வேண்டும். பழுதுபார்ப்பு எதுவானாலும் பிரதியின்மேல்.

'டக் டக்' என்று அடித்தால் டிடிரெஸ்க்யூவும் வேண்டாம். அடாப்டரையும் கேபிளையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். சத்தம் தொடர்ந்தால் உடனே அணைத்துவிடுங்கள், ஏனென்றால் முறிந்த முனை ஒவ்வொரு சுற்றிலும் தகட்டைச் சுரண்டுகிறது. அதே மாடலின் பலகையை வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்ற பழைய வைத்தியமும் இப்போது பலிக்காது: ஒவ்வொரு வட்டுக்கும் தனியான அளவீடுகள் பலகையின் ரோம் சில்லில் இருக்கின்றன, அந்தச் சில்லையும் பெயர்த்துப் புதுப் பலகையில் வைக்க வேண்டும். உத்தரவாதத்தில் அனுப்பினால் வருவது பெரும்பாலும் புதுப்பித்த வேறொரு வட்டு, அதுவும் வெறுமையாக. தரவு மீட்பு வேண்டுமென்றால் அனுப்புவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.